படம் போனா பாட்டும் போச்சு: லினக்ஸ் பொட்டிக்குள்ள ஒரு கல்யாணக் கதை

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம், கொஞ்சம் டெக்னிகல். ஆனா அடிப்படையில இது ஒரு வரலாற்றுக் கதை. காபியோ டீயோ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

லினக்ஸ் பொட்டி வச்சிருக்கிற பல பேர் இந்தச் சந்துக்குள்ள ஒரு தடவையாவது போயிருப்பீங்க. புதுசா இன்ஸ்டால் பண்றீங்க, திரை கறுப்பா நிக்குது. யாரோ ஒரு புண்ணியவான் "பூட் வரியில நோமோட்செட்னு ஒரு வார்த்தை சேரு"ன்னு சொல்றார். சேர்த்தா படம் வந்துடுது. அப்பாடான்னு ஒரு பாட்டைப் போட்டா சத்தம் இல்லை. சவுண்ட் செட்டிங்ஸைத் திறந்தா உங்க டிவி பேரும் இல்லை, ஸ்பீக்கர் பேரும் இல்லை. "டம்மி அவுட்புட்"னு ஒண்ணு மட்டும் அசடு வழிய உக்காந்திருக்கு. நிறுத்தினது கிராபிக்ஸ் டிரைவரை. ஊமையானது சவுண்ட். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் யார் முடிச்சு போட்டது?

முடிச்சு நிஜமாவே இருக்கு. ஒரே நாள்ல போட்டதும் இல்லை; பத்து இருபது வருஷமா ஒண்ணு ஒண்ணா விழுந்த முடிச்சுகள். இதுல சுவாரசியம் என்னன்னா, உங்க பொட்டியில சத்தம் எந்த மாதிரி காணாமப் போச்சுன்னு பார்த்தாலே, எந்த வருஷத்து முடிச்சுல மாட்டியிருக்கீங்கன்னு சொல்லிடலாம். அதனாலதான் ரிப்பேர் குறிப்பா எழுதாம வரலாறா எழுதறேன்.

கொசுவத்தி நேரம்: ரெண்டும் தனிக்குடித்தனம்

1990-களின் தொடக்கத்துல ஃபின்லாந்துல லினஸ் டோர்வால்ட்ஸ் கெர்னலை எழுதிக்கிட்டிருந்தப்ப, அதே நாட்டுக்காரரான ஹன்னு சாவோலைனன் சவுண்ட் பிளாஸ்டர் கார்டுக்கு டிரைவர் எழுதினார். அந்த வேலைதான் பின்னாடி ஓப்பன் சவுண்ட் சிஸ்டம்னு, சுருக்கமா ஓஎஸ்எஸ்னு பேர் வாங்கிச்சு. அந்தக் காலத்து சவுண்ட் பிரச்சினைகளோட ரகமே வேற. ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1, போர்ட் 220 - இந்த மூணு நம்பரையும் கந்த சஷ்டி கவசம் மாதிரி மனப்பாடம் பண்ணி வச்சிருந்தவங்க இன்னும் நம்ம நடுவுல நடமாடறாங்க. ஒரு புரோகிராம் சவுண்ட் டிவைஸைப் பிடிச்சுக்கிச்சுன்னா இன்னொண்ணு வாசல்ல நிக்கணும். பாட்டு ஓடும்போது மெசஞ்சர் 'டிங்' அடிக்காது.

1998-ல செக் நாட்டுக்காரர் யாரோஸ்லாவ் கைசெலா, தன்னோட கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் கார்டுக்கு ஒழுங்கான டிரைவர் வேணும்னு ஆரம்பிச்சது அல்சா. 2003 டிசம்பர்ல வெளிவந்த 2.6 கெர்னல்ல அது உள்ளயே வந்து, ஓஎஸ்எஸ்ஸை மெல்ல ஓரங்கட்டிச்சு. இன்னிக்கு மேல என்ன பெயிண்ட் அடிச்சிருந்தாலும் அடித்தளம் அல்சாதான்.

அதே காலத்துல படம் காட்டற வேலை யார் கையில இருந்துச்சு? கெர்னல் கையில இல்லை. எக்ஸ் சர்வர் கையில. எக்ஸ்ஃப்ரீ86-ம், 2004-க்கு அப்புறம் எக்ஸ்.ஆர்கும், கெர்னலுக்கு வெளியில உக்காந்துக்கிட்டு கிராபிக்ஸ் கார்டை நேரடியாத் தொட்டு வேலை வாங்கிச்சு. கட்டமைப்புன்னு பார்த்தா அசிங்கம்தான். ஆனா ஒரு நன்மை இருந்துச்சு: படமும் ஒலியும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்ததே இல்லை. கிராபிக்ஸ் டிரைவர் மக்கர் பண்ணா கான்ஃபிக் ஃபைலைத் திறந்து அந்த இடத்துல 'வெசா'ன்னு எழுதுவோம். படம் மொக்கையா வரும், சத்தத்துக்கு ஒரு குறையும் வராது. எக்ஸ் மொத்தமா செத்து கறுப்புக் கன்சோல்ல வந்து விழுந்தாலும், இன்னொரு கன்சோல்ல எம்பிஜி123 தன் பாட்டுக்குப் பாடிக்கிட்டே இருக்கும்.

வயரும் அப்படித்தான். படத்துக்கு நீல நிற விஜிஏ கேபிள், சத்தத்துக்குப் பின்னாடி பச்சை ஓட்டை. ரெண்டு வயர், ரெண்டு கார்டு, ரெண்டு டிரைவர், ரெண்டு கோஷ்டி.

எலெக்ட்ரான் திரும்பி வர்ற நேரம்

இந்தத் தனிக்குடித்தனத்தைக் கலைச்சது லினக்ஸ் இல்லை. 2002 டிசம்பர்ல டிவி கம்பெனிகள் சேர்ந்து வெளியிட்ட எச்டிஎம்ஐங்கற கேபிள். ஒரே வயர்ல படமும் ஒலியும். வீட்டு ஹால்ல வயர் குறைஞ்சதுன்னு எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க. அந்த வயருக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சாதான் நம்ம கதை புரியும், அதனால இங்க கொஞ்சம் நின்னு பார்த்துட்டுப் போவோம்.

பழைய பிக்சர் டியூப் டிவியில எலெக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமா ஒரு கோடு வரையும். அடுத்த கோட்டை ஆரம்பிக்க மறுபடி இடது ஓரத்துக்குத் திரும்பணும். கடைசிக் கோடு முடிஞ்சதும் கீழேயிருந்து மேல போகணும். திரும்பற அந்த நேரத்துல படம் எதுவும் அனுப்ப முடியாது, வெற்று நேரம். எல்சிடி வந்தப்புறம் கற்றையும் இல்லை, திரும்பற வேலையும் இல்லை. ஆனா அந்த வெற்று நேரம் மட்டும் சிக்னல்ல அப்படியே தங்கிடுச்சு. நம்ம முழு எச்டி படத்தையே எடுத்துக்கோங்க. கண்ணுக்குத் தெரியறது 1920-க்கு 1080. வயர்ல நிஜமாப் போற சட்டம் 2200-க்கு 1125. கிட்டத்தட்ட ஆறுல ஒரு பங்கு நேரம் சும்மா போகுது.

எச்டிஎம்ஐக்காரங்க ஒலியை ஏத்தினது அந்த இடைவெளியிலதான். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவுல இருக்கற சந்துல ஆடியோ பாக்கெட்டைச் சொருகி அனுப்பறாங்க. 1930-கள்ல டிவி கண்டுபிடிச்சவங்க எலெக்ட்ரானுக்கு ஒதுக்கின ஓய்வு நேரத்துலதான் இன்னிக்கு இளையராஜா உங்க டிவிக்கு வந்து சேர்றார் :-)

ஆடியோவுக்குத் தனி கடிகாரம்கூட அந்த வயர்ல போறதில்லை. படத்தோட கடிகாரத்தை இந்த எண்ணால பெருக்கி அந்த எண்ணால வகுத்து நீயே உண்டாக்கிக்கன்னு டிவிக்கு ரெண்டு எண்களை மட்டும் அனுப்பறாங்க. முழு எச்டி படம், 48 கிலோஹெர்ட்ஸ் ஒலின்னா 6144, 148500. 148.5 மெகாஹெர்ட்ஸை இதுல போட்டுப் பாருங்க, 6.144 மெகாஹெர்ட்ஸ் வரும். அது 48,000-ஐப் போல சரியா 128 மடங்கு. கணக்கு டாண்ணு முடியும்.

ஆக, இந்த வயர்ல ஒலிங்கறது படத்தோட முதுகுல ஏறிப் போற குழந்தை. படத்தை நடத்தறவர் குனிஞ்சு தூக்கினாத்தான் போகும். அந்தப் படத்தை நடத்தறவர் யாரு? கிராபிக்ஸ் டிரைவர்.

முதல் முடிச்சு: சுவத்துல ஒரு ஓட்டை

2004-ல இன்டெல், பழைய ஏசி97-க்குப் பதிலா எச்டி ஆடியோங்கற தரத்தைக் கொண்டு வந்துச்சு. நாம எச்டிஏன்னு கூப்பிடுவோம். ஒரு கன்ட்ரோலர், அதுல தொங்கற கோடெக் சில்லுகள். லினக்ஸ்ல அதுக்கான டிரைவரை எழுதி வளர்த்தவர்னா முதல்ல சொல்ல வேண்டிய பேர் சூஸே நிறுவனத்தின் தகாஷி இவாய். லினக்ஸ்ல நீங்க கேட்ட பாட்டுல பெரும் பங்கு அந்த மனுஷன் எழுதின வரிகள் வழியா வந்ததுதான். எனக்குத் தெரிஞ்சு அவரைப் பத்தித் தமிழ்ல யாரும் எழுதினதில்லை, இது ஒரு சின்னக் கும்பிடு.

2007-ல வந்த ரேடியான் எச்டி 2000 வரிசை கார்டுகள்ல கிராபிக்ஸ் சில்லுக்குள்ளயே ஒரு எச்டிஏ கன்ட்ரோலரை வச்சுட்டாங்க. அதுக்கு முன்னாடி சில கார்டுகள்ல மதர்போர்டிலிருந்து ஒரு ரெண்டு பின் வயரை இழுத்து கிராபிக்ஸ் கார்டுல சொருகணும். இப்ப கிராபிக்ஸ் கார்டே ஒரு சவுண்ட் கார்டும் ஆயிடுச்சு. எல்எஸ்பிசிஐ கமாண்டு கொடுத்தா ஒரே கார்டு ரெண்டு வரியில தெரியும்: புள்ளி 0 படம், புள்ளி 1 ஒலி.

கெர்னல்ல என்ன ஆச்சுன்னா, புள்ளி 0 கிராபிக்ஸ் கோஷ்டிக்குப் போச்சு, புள்ளி 1 அல்சா கோஷ்டிக்குப் போச்சு. வீடு ஒண்ணு, சமையல் ரெண்டு. பேச்சுவார்த்தை கிடையாது. ஆனா ஒலிக்காரருக்கு ஒரு தகவல் வேணுமே! வயரோட அந்தப் பக்கம் என்ன இருக்கு? ஸ்பீக்கர் இருக்கற டிவியா, ஊமை மானிட்டரா? எத்தனை சேனல்? அந்தத் தகவலை மானிட்டர்கிட்டேருந்து படிக்கறது கிராபிக்ஸ் டிரைவர் மட்டும்தான். அதனால ஒரு ஏற்பாடு பண்ணினாங்க. கிராபிக்ஸ் டிரைவர் மானிட்டரோட ஜாதகத்தைப் படிச்சு, ஒலிக்கு வேண்டியதை மட்டும் இஎல்டிங்கற சின்னச் சீட்டா எழுதி, சில்லுக்குள்ள ஒரு இடத்துல வைக்கும். சவுண்ட் கோடெக் மணி அடிக்கும். சவுண்ட் டிரைவர் வந்து சீட்டை எடுத்துப் படிச்சுக்கும். ரெண்டு பேரும் நேர்ல பார்த்துக்க வேண்டாம். சுவத்துல ஒரு ஓட்டை, அதுல சீட்டு. அல்சாவுல இந்தச் சீட்டைப் படிக்கற பகுதி 2008-ல வந்துச்சு.

கிராபிக்ஸ் டிரைவர் இல்லைன்னா சீட்டு எழுத ஆள் இல்லை. கார்டு லிஸ்ட்ல தெரியும், டிரைவரும் ஏறியிருக்கும், எந்த எர்ரரும் இருக்காது, ஆனா எச்டிஎம்ஐ "இணைக்கப்படவில்லை"ன்னு நிக்கும். டிவியில படம் ஓடிக்கிட்டிருக்கும், சவுண்ட் டிரைவர் "டிவியா, எந்த டிவி?"ன்னு கேக்கும். இதுதான் முதல் வகை நோய்.

ரேடியான்ல இதுக்குத் தலைகீழான கூத்தும் நடந்துச்சு. கிறிஸ்டியன் கோனிக் 2009 வாக்குல எழுதின எச்டிஎம்ஐ ஆடியோ பகுதியை ஆன் பண்ணினா, சில மானிட்டர்கள்ல படமே கெட்டுப்போச்சு. ஒலியால படம் போச்சு! வேற வழியில்லாம 2011 வாக்குல ஆடியோவை ஆஃப்ல வச்சு வெளியிட்டாங்க. கேக்கணும்னா பூட் வரியில ரேடியான் ஆடியோ 1-னு எழுதணும். 2014 ஜனவரியில வந்த 3.13 கெர்னல்லதான் அது மறுபடி தானா ஆன் ஆச்சு. நடுவுல அந்த வருஷங்கள்ல எத்தனை பேர் டிரைவரே சரியில்லைன்னு விண்டோஸுக்குத் திரும்பினாங்களோ.

நோமோட்செட் பிறந்த கதை

2009 மார்ச்ல வந்த 2.6.29 கெர்னல்ல பெரிய இடமாற்றம். திரையோட அளவு, வேகம் எல்லாத்தையும் நிர்ணயிக்கற வேலையை எக்ஸ் கிட்டேருந்து பிடுங்கி கெர்னல் தன் கையில எடுத்துக்கிச்சு. இதுக்குப் பேர் கேஎம்எஸ். முதல்ல இன்டெல்லோட ஐ915, அப்புறம் ரேடியான், 2010 பிப்ரவரியில என்விடியாவுக்கான நூவோ. நல்ல மாற்றம்தான். பூட் ஆகும்போது பளிச் பளிச்னு திரை மாறறது நின்னுச்சு.

ஆனா டிரைவர் கெர்னலுக்குள்ள வந்தா, டிரைவர் படுத்தா திரையும் சேர்ந்து படுக்கும். அதுக்குத் தப்பிக்கற வழியாத்தான் நோமோட்செட். இந்த வார்த்தையைப் பார்த்தா ஐ915, ரேடியான், நூவோ, பின்னாடி வந்த ஏஎம்டிஜிபியு எல்லாம் "எனக்கு வேலை இல்லை"ன்னு ஒதுங்கிடும். பயாஸோ யுஇஎஃப்ஐயோ ஏத்தி வச்ச படத்தோட கெர்னல் ஒப்பேத்தும். அந்த ஃபர்ம்வேர்காரர் படத்தை மட்டும் ஏத்துவார்; வெற்றுச் சந்துல பாக்கெட் சொருகற வேலையெல்லாம் பெரும்பாலும் அவர் செய்யறதில்லை.

இன்ஸ்டாலர் மெனுவுல "சேஃப் கிராபிக்ஸ்"னு பார்த்திருப்பீங்களே, அது இதேதான். பேர்ல கிராபிக்ஸ் மட்டும்தான் இருக்கு. சவுண்டையும் சேர்த்துக் காவு வாங்கலாம்னு ஒரு வரி போட்டிருந்தா எத்தனையோ பேர் ராத்திரி தூங்கியிருப்பாங்க.

இதுக்கு நடுவுல அநியாயமா திட்டு வாங்கினவர் ஒருத்தர் இருக்கார்: பல்ஸ்ஆடியோ. லென்னார்ட் பாட்டரிங் எழுதினது. 2007-ல ஃபெடோரா 8-லயும் 2008-ல உபுண்டு 8.04-லயும் தானா வர ஆரம்பிச்சுது. அதுக்கும் பிரச்சினைகள் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லலை. ஆனா டம்மி அவுட்புட்ங்கறது பல்ஸ்ஆடியோவோட குத்தம் இல்லை. கீழே ஒரு கார்டும் கிடைக்கலைன்னா, புரோகிராம்கள் அடிபடாம இருக்க அது ஒரு போலி ஸ்பீக்கரை வச்சுட்டு நிக்குது. மெசெஞ்சரைச் சுட்ட கதை. பல்ஸ்ஆடியோவை அழி, மறுபடி போடு, கான்ஃபிக்கை டெலீட் பண்ணுன்னு வருஷக்கணக்கா வைத்தியம் நடந்துச்சு. வியாதி ரெண்டு மாடி கீழே இருந்துச்சு. 2021-ல ஃபெடோரா 34-ம் 2022-ல உபுண்டு 22.10-ம் பைப்வயருக்கு மாறினப்புறமும் அதே டம்மி அவுட்புட் அங்கயும் வந்து உக்காந்தது.

ரெண்டாவது முடிச்சு: மெயின் ஸ்விட்ச்

2013-ல இன்டெல் ஹாஸ்வெல். டிஸ்ப்ளே ஆடியோவுக்குன்னு ஒரு தனி எச்டிஏ கன்ட்ரோலரை ப்ராசஸருக்குள்ள, கிராபிக்ஸ் பக்கத்துலயே வச்சாங்க. ஹெட்ஃபோன், ஸ்பீக்கர் எல்லாம் பழையபடி மதர்போர்டு சிப்செட்ல. ஆக ரெண்டு சவுண்ட் கார்டு. பல பொட்டிகள்ல எச்டிஎம்ஐ கார்டு 0-ன்னும், ஸ்பீக்கர் கார்டு 1-ன்னும் வரிசை மாறிப்போய், "நேத்து வரைக்கும் பாடிச்சே"ன்னு இன்னொரு கூட்டம் புலம்பினது தனிக்கதை.

நம்ம கதைக்கு முக்கியம் கரண்ட். மின்சாரம் மிச்சம் பிடிக்க கிராபிக்ஸ் பகுதிக்கு பவர் வெல்னு ஒரு மெயின் ஸ்விட்ச் வச்சாங்க. இந்தப் புது சவுண்ட் கன்ட்ரோலரும் அதே ஸ்விட்சுக்குக் கீழ. ஸ்விட்ச் ஐ915 கையில. சீட்டு எழுதி ஓட்டை வழியா அனுப்பற கதை இனிமே நடக்காது. சவுண்ட் டிரைவர் நேரா ஐ915 வீட்டுக் கதவைத் தட்டி "அண்ணே, கொஞ்சம் கரண்ட் குடுங்க"ன்னு கேட்டாகணும். அந்த வருஷமே அவசரமா ஒரு ஏற்பாடு பண்ணினாங்க, 2015-ல அதை ஒழுங்கான முறையா மாத்தினாங்க. கெர்னல்ல சவுண்ட் டிரைவர் கிராபிக்ஸ் டிரைவரோட முறைப்படி கைகோத்த கல்யாணம் அதுதான்.

மாப்பிள்ளை வரலைன்னா? ஹாஸ்வெல், பிராட்வெல் பொட்டிகள்ல எச்டிஎம்ஐ சவுண்ட் கார்டே பிறக்காது. கெர்னல் லாக்ல, எச்டிஎம்ஐ ஒலிக்கு கிராபிக்ஸ் டிரைவரோட இணைப்பு தேவைன்னு ஒரு வரி வெளிப்படையாவே விழும். முதல் வகையில கார்டு இருந்துச்சு, டிவி தெரியலை. இங்க கார்டே இல்லை. ரெண்டுக்கும் வித்தியாசத்தைக் கவனிச்சுக்கோங்க. நல்ல வேளை, பச்சை ஓட்டைக்கு இதுல பங்கு இல்லை. ஹெட்ஃபோன் பாடும்.

என்விடியா லேப்டாப்காரங்களுக்கு இதே நோய் வேற ரூபத்துல. ரெண்டு கிராபிக்ஸ் இருக்கற லேப்டாப்ல பேட்டரிக்காக என்விடியாவை அணைச்சா, புள்ளி 1-ல இருக்கற ஒலியும் சேர்ந்து அணையும். அணைஞ்ச கார்டுகிட்ட சவுண்ட் டிரைவர் கேள்வி கேட்டா எல்லா பிட்டும் ஒண்ணுன்னு குப்பை பதிலா வரும், டிரைவர் திணறும். 2012-ல கார்டு மாத்தற அமைப்புக்குள்ள சவுண்டையும் ஒரு ஆளா சேர்த்தாங்க. அப்பவும் சில பயாஸ்கள், பூட் ஆகும்போது எச்டிஎம்ஐ கேபிள் சொருகலைன்னா புள்ளி 1-ஐயே மறைச்சு வச்சுக்கும். 2019-ல கெர்னலே அந்த மறைப்பை நீக்க ஆரம்பிச்சுது.

ராஸ்பெர்ரி பைக்காரங்க சிரிச்சுக்கலாம், அங்க கதை தலைகீழ். பை 4 வரைக்கும் படத்தையும் ஒலியையும் மூடிய ஃபர்ம்வேரே நடத்த முடியும். 2021 நவம்பர்ல வந்த புல்ஸ்ஐ பதிப்புலேருந்து கேஎம்எஸ் டிரைவர் தானா வந்துச்சு, எச்டிஎம்ஐ ஒலியும் அந்த டிரைவர் பேருக்கு மாறிச்சு. கான்ஃபிக்ல அந்த ஓவர்லே வரியை நீக்கினா அந்தப் பேர்ல இருந்த கார்டு மறைஞ்சு, பழைய ஃபர்ம்வேர் கார்டு வழியா ஒலி திரும்பி வரும். சத்தம் போகலை, பேர் மாறிடுச்சு.

மூணாவது முடிச்சு: அறுபது நொடி

2015-ல ஸ்கைலேக் வந்தப்ப இன்டெல் ரெண்டு கன்ட்ரோலரையும் மறுபடி ஒண்ணாக்கிடுச்சு. ஸ்பீக்கர், மைக், எச்டிஎம்ஐ எல்லாம் ஒரே கூரைக்கு அடியில. கூட்டுக் குடும்பம்னா சௌகரியம்தான், ஆனா ஒருத்தருக்காக எல்லாரும் காத்திருக்கணுமே. சவுண்ட் டிரைவர் கிளம்பும்போது ஐ915 வரட்டும்னு 60 நொடி வரைக்கும் நிக்கும். நோமோட்செட் போட்ட பொட்டியில ஐ915 வரவே வராது. அதனால சில பொட்டிகள்ல லாகின் பண்ணி ஒரு நிமிஷம் வரைக்கும் ஊமை, அப்புறம் திடீர்னு ஸ்பீக்கர் உயிர் வரும். காரணம் தெரியாம ஹார்ட்வேர் லூஸ் கனெக்‌ஷன்னு பொட்டியைத் தட்டினவங்க உண்டு.

2018-ல இன்டெல் சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர்னு, எஸ்ஓஎஃப்னு ஒண்ணை வெளியிட்டுச்சு. 2019-ல கெர்னலுக்குள்ள வந்துச்சு. டிஜிட்டல் மைக் இருக்கற புது லேப்டாப்கள் இந்த வழியிலதான் பேசுது. இதுக்கும் ஐ915-ஓட உறவு வேணும். 2023-ல மார்ட்டென் லாங்ஹோர்ஸ்ட் இந்த 60 நொடிக் காத்திருப்பைத் தூக்கிட்டு, "கிராபிக்ஸ் வந்தப்புறம் என்னைக் கூப்பிடு"ன்னு சவுண்ட் டிரைவர் ஒதுங்கிக்கற மாதிரி மாத்தினார். நோமோட்செட் இருந்தா, கிராபிக்ஸ் வரப்போறதில்லைன்னு புரிஞ்சுக்கிட்டு அது இல்லாமலே கிளம்பற மாதிரியும் வழி வச்சார். நல்ல வேலை. ஆனா ஒரு சந்து பாக்கி. நோமோட்செட் போடாம, ஐ915-ஐ மட்டும் பிளாக்லிஸ்ட் பண்ணினீங்கன்னா சவுண்ட் டிரைவருக்கு விஷயம் தெரியாது. வராத மாப்பிள்ளைக்காக மணவறையிலயே உக்காந்திருக்கும். எச்டிஎம்ஐ மட்டும் இல்லை, ஸ்பீக்கரும் ஹெட்ஃபோனும் சேர்ந்தே காணோம். அதுக்குத்தான் எச்டிஏ கோர் மாட்யூலுக்கு ஜிபியு பைண்ட்னு ஒரு ஆப்ஷன் சேர்த்திருக்கார். 0-ன்னு போட்டா கல்யாணம் கேன்சல், ஸ்பீக்கர் தனியாப் பாடும்.

சரி, இப்ப என் பொட்டியில என்ன பண்றது?

முதல்ல உங்க சத்தம் எந்த வழியாப் போகுதுன்னு பாருங்க. எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட்னா கிராபிக்ஸ் டிரைவர் இல்லாம விமோசனம் இல்லை, அல்சா செட்டிங்ஸை எத்தனை நோண்டினாலும் சரி. அப்புறம் ப்ராக்குக்குள்ள சிஎம்டிலைன் ஃபைலைத் திறந்து நோமோட்செட் இன்னும் இருக்கான்னு பாருங்க. இன்ஸ்டால் பண்ற அன்னிக்குப் போட்டது வருஷக்கணக்கா அப்படியே கிடக்கும்; கட்டு பிரிக்க மறந்த மாவுக்கட்டு மாதிரி.

அடுத்தது ப்ராக்குக்குள்ள அசவுண்ட், அதுக்குள்ள கார்ட்ஸ். கார்டு இருந்து, அது பக்கத்துல இருக்கற இஎல்டி ஃபைல்ல மானிட்டர் 0-ன்னு இருந்தா முதல் முடிச்சு. எச்டிஎம்ஐ கார்டு மட்டும் இல்லைன்னா ரெண்டாவது. ஒண்ணுமே இல்லைன்னா மூணாவது, இல்லை எஸ்ஓஎஃப் ஃபர்ம்வேர் பேக்கேஜே போடலைன்னு அர்த்தம்.

ரெண்டு கிராபிக்ஸ் இருக்கற லேப்டாப்ல நோமோட்செட் போடறது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தற வேலை. பெரும்பாலும் தகராறு நூவோவாலதான் வரும். நூவோ மோட்செட் 0-ன்னு குறிப்பிட்டு எழுதினா நூவோ மட்டும் ஒதுங்கும், ஐ915 இருக்கும், சவுண்டும் இருக்கும். இந்த ஒரு வித்தியாசம் தெரிஞ்சாலே பாதி கேஸ் முடிஞ்சுடும்.

எஸ்ஓஎஃப் வழி அடம் பிடிச்சா, இன்டெல் டிஎஸ்பி கான்ஃபிக் மாட்யூலுக்கு டிஎஸ்பி டிரைவர் 1-னு கொடுத்து பழைய எச்டிஏ வழிக்குத் திருப்பலாம். லேப்டாப்போட உள் மைக் போகும், ஸ்பீக்கர் வரும்.

பாட்டுக்காக மட்டும் இல்லை

"ஒரு பாட்டு கேக்கலைன்னா என்ன இப்ப"ன்னு தோணலாம். பார்வை இல்லாத ஒருத்தருக்கு ஒலிதான் திரை. 2006-ல கினோம் 2.16-ஓட வந்த ஆர்க்காவும், கெர்னலுக்குள்ளயே இருக்கற ஸ்பீக்கப்பும் படிச்சுக் காட்டறதை வச்சுத்தான் அவர் பொட்டியை ஓட்டறார். ஒரு மினி பிசியை எச்டிஎம்ஐல டிவியோட இணைச்சு வச்சிருக்கார்னு வைங்க. சேஃப் கிராபிக்ஸ் போட்டா நமக்குப் படம் கிடைச்சு ஒலி போகும். அவருக்கு ரெண்டுமே போச்சு. நான் மேலே சொன்ன ஃபைலைத் திறந்து படிக்கச் சொல்ல அவர்கிட்ட வாயும் இல்லை, திரையும் இல்லை. எர்ரர் மெசேஜ் என்னன்னு பார்க்கற கருவியேதான் எர்ரர் ஆகியிருக்கு.

இதுல வரலாறு பின்னாடி போயிருக்கு. ஸ்பீக்கப்பை முதல்ல எழுதினது டெக்டாக் மாதிரி சீரியல் போர்ட்ல சொருகற பேசும் பெட்டிகளுக்காக. சவுண்ட் கார்டும் வேண்டாம், கிராபிக்ஸும் வேண்டாம். கெர்னல் எழுந்ததும் பேச ஆரம்பிச்சுடும். இன்னிக்கு சீரியல் போர்ட்டும் இல்லை, அந்தப் பெட்டிகளும் இல்லை. எல்லாரும் சாதா சவுண்ட் கார்டையே நம்பியிருக்காங்க. அந்த சவுண்ட் கார்டு கிராபிக்ஸை நம்பியிருக்கு. ஸ்பீக்கப் கெர்னலோட ஸ்டேஜிங் திண்ணையிலேருந்து உள்ளே வந்ததே 2020-ல 5.9 பதிப்புலதான், கிட்டத்தட்ட பத்து வருஷம் திண்ணையில.

இதை ஓரளவு யோசிச்சுச் செஞ்சிருக்கறவங்க டெபியன் இன்ஸ்டாலர்காரங்க. பூட் மெனு வந்ததும் பீப்னு ஒரு சத்தம். எஸ் அடிச்சு எண்டர் தட்டினா பேசற இன்ஸ்டாலர் கிளம்பும். பொட்டியில ஒண்ணுக்கு மேல சவுண்ட் கார்டு இருந்தா எதுல ஸ்பீக்கர் இருக்குன்னு அது ஊகிக்கறதில்லை. ஒவ்வொரு கார்டு வழியாவும் வரிசையாப் பேசிப் பார்க்கும். எதுல காதுல விழுதோ அப்ப எண்டர் தட்டணும். எச்டிஎம்ஐ ஊமையா இருந்தாலும் பச்சை ஓட்டையில ஹெட்ஃபோன் இருந்தா அதுல குரல் வரும். அதுவும் இல்லாத மினி பிசின்னா ஒரு யுஎஸ்பி சவுண்ட் குச்சி போதும். அதோட டிரைவர் தனி, ஐ915, நூவோ யாரையும் அதுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது ஆர்க்காவை நம்பி லினக்ஸ் போடப் போறாங்கன்னா, பென்டிரைவோட அந்தக் குச்சியையும் சேர்த்துக் கொடுங்க.